அண்ணை றைற்!

உயிலங்குளம் சந்தியில் வவுனியா பஸ் நின்று புறப்படும்போது, கொண்டக்டர் பொடியன் புட்போர்டில் ஒரு கால் வைத்து, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "றைற்" என்று இழுப்பான். எனக்கு உடனே நடிகர் கே. எஸ். பாலச்சந்திரன் நினைவுக்கு வந்துவிடுவார்.

கரவெட்டிக்காரர். 1944இல் பிறந்தவர். அவருடைய 'அண்ணை றைற்' தனிநடிப்பில் பஸ் கொண்டக்டராக மேடையில் நிற்பது ஒரே ஒரு ஆள்தான். ஆனால் பஸ் நிறையச் சனம். அதை ஒலிநாடாவில் கேட்டவர்களுக்கு மேடையும் இல்லை, முகமும் இல்லை. குரல் கொஞ்சம் உயர்ந்தால் பின்சீட்டுக்காரரோடு பேசுகிறார். தணிந்தால் பக்கத்தில் நிற்கிற ஆச்சியோடு. தூரத்தைக் குரலாலேயே அளந்து காட்டுகிற இந்த வித்தை வானொலி கற்றுக்கொடுத்தது என்றே நான் நம்புகிறேன். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வானொலி நாடகத்தில் நடித்துத் தேறியவர் அல்லவா!

எங்கள் மன்னார்ப் பக்கத்துக்கும் அவருக்கும் ஒரு தொடுப்பு உண்டு. செங்கை ஆழியானின் நாவலை வைத்து 1978இல் வந்த 'வாடைக்காற்று' படத்தைப் பேசாலைக் கடற்கரையில் எடுத்தார்கள். அதில் அவருக்கு முக்கிய வேடம். யாழ்ப்பாணப் பேச்சு வழக்கை வெட்கப்படாமல், செந்தமிழ் பூசாமல், அப்படியே பேசினார்கள். அந்தத் துணிவுக்காகவே அந்தப் படத்தை நான் நேசிக்கிறேன்.

பிறகு கனடா போனார். 2014இல் அங்கேயே காலமானார். பஸ் இப்போது முருங்கன் பக்கம் திரும்பிவிட்டது. பொடியனின் குரல் இன்னும் கேட்கிறது.