துப்பறியும் கதைக்கும் மதிப்புரை வேண்டும்

துப்பறியும் கதை என்றவுடன் முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர் பலர். மாணவன் பையில் அத்தகைய நூலைக் கண்டால் பறித்து வைப்போரும் உளர். ஆனால் அந்நூலைப் படித்துப் பார்த்து, அதன் நிறை இன்னது, குறை இன்னது எனக் கூறியவர் மிகச் சிலரே. படிப்பவர் பலராகவும் மதிப்பிடுவோர் அரியராகவும் இருக்குமிடத்தில் நல்ல நூலும் போலி நூலும் ஒரே விலைக்குப் போகும். ஆதலின், பொழுதுபோக்காகப் படிப்பவர் பொழுதுபோக்காகவே மதிப்புரையும் எழுதிப் பழகுதல் நன்று.

இவ்வகைக் கதை தமிழுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வெளிவந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவிப் பல நூல்கள் எழுதினர். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வாசகரைக் கவர்ந்தனர்.

இவற்றை எந்த அளவுகோலால் அளப்பது? காப்பியத்துக்குரிய கோல் இங்குப் பயன்படாது. ரொனால்டு நாக்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிவோன் காணும் தடயத்தை வாசகனும் அப்போதே காணவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நன்னூலார் கூறிய நூற்குற்றங்களும் நமக்கு நன்கு உதவும். தடயத்தை ஒளித்து வைத்துக் கடைசி அத்தியாயத்தில் நீட்டுவது குன்றக் கூறல். பக்கத்தை நிரப்ப வாரந்தோறும் முன்கதையை ஓதுவது கூறியது கூறல்.

அறிவியல் புனைகதையில் மாறுகொளக் கூறலே பெருங்குற்றம். நடவாத ஒன்றை வாசகன் ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொண்ட பின் ஆசிரியர் தம் விதியைத் தாமே மீறினால் பொறுக்கமாட்டான். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்னும் எந்திர நாய் பேசுகிறது, படிக்கிறது. அதை நாம் நம்புகிறோம். ஏன்? மக்களின் பெயருக்கும் வாழ்நாளுக்கும்கூட வரம்பு கட்டும் ஓர் ஆட்சியை ஆசிரியர் முரணின்றி அமைத்துக் காட்டுகிறார். அங்கே நாம் அஞ்சுவது எந்திரத்தையன்று, அவ்வாட்சியையே. இதனைக் கண்டு சொல்வதே மதிப்புரை. ‘விறுவிறுப்பாக இருக்கிறது’ என்பது மதிப்புரையாகாது.

மதிப்புரையாளர்க்குரிய கடமைகள் மூன்று. மர்மத்தின் விடையை வெளியிடலாகாது. அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட ரோஜர் அக்ராய்டு கொலைக்கதை நேர்மையானதா என்று நெடுநாள் வழக்கிட்டனர். அவ்வழக்கையும் முடிவைச் சொல்லாமலே விளக்க இயலும். தழுவல் என்று தெரிந்தால் மறைக்கலாகாது. எழுதியவர் நண்பர் என்பதற்காகக் குறையை மென்று விழுங்கலாகாது.

மலாயாவில் இதற்கு வழிகாட்டியும் உண்டு. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேச’னில் நடத்திய கதை வகுப்பு, வாசகர்க்குக் கதை எழுதப் பயிற்சி அளித்தது. அதன்பின் அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமியும் இளைஞரைக் கூட்டிக் கதைகளை ஆராயப் பழக்கினார். கதை எழுதக் கற்பித்த மண்ணில் கதையை எடைபோடக் கற்பிப்பது அரிதாகுமா? சிரம்பானை அடுத்த மம்பாவ் முதலிய தோட்டப்புறத்து ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். மாணவன் விரும்பிப் படித்த மர்மக் கதையைப் பற்றியே அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தடயம் எங்கே வந்தது, எது பொருந்தவில்லை என்று கேளுங்கள். அவ்வாறு வினவிப் பழகியவன் போலியைத் தானே ஒதுக்குவான். நாளை சிலம்பைக் கையிலெடுத்தாலும் காரண காரியம் கேட்டே படிப்பான்.