மானின் விலை, கையின் கூலி

மிருகங்களைக் கையால் வரைந்து விற்றுப் பிழைக்கிறவரைச் ‘சுயாதீனக் கலைஞர்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யாரிடமிருந்து சுயாதீனம்? முதலாளியிடமிருந்து விடுபட்டவர் வாங்குகிறவரிடமிருந்தும் விடுபட்டுவிட்டாரா? மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு ஓவியர்களை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

பர்தான்கள் கோண்டு மக்களின் பாணர்கள். பானா என்ற நரம்புக்கருவியை இசைத்து, புரவலர் குடும்பங்களின் வம்சக் கதைகளைப் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். (பானா, பாணர் என்று வேர்ச்சொல் விளையாட்டில் இறங்க எனக்கு விருப்பமில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அந்தச் சபலம் வரும், அவ்வளவுதான்.) இந்தக் கொடைப் பொருளாதாரம் நொடித்துப்போன காலத்தில்தான், பாட்டன்கர் கிராமத்து இளைஞர் ஜங்கர் சிங் ஷ்யாமை ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழு ‘கண்டெடுத்தது’. எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஊர்ச் சுவரில் வரைந்துகொண்டிருந்த ஆள் தொலைந்தா போயிருந்தார்? 1982இல் போபாலில் பாரத் பவன் திறந்தது. 1989இல் அவர் படங்கள் பாரிஸ் போம்பிடு மையத்துக்குப் போயின. பாட்டின் இடத்தில் படம் வந்தது, புரவலன் இடத்தில் சந்தை வந்தது.

ஜங்கர் தனியாக நிற்கவில்லை. சொந்தக்காரப் பிள்ளைகளைப் போபாலுக்கு வரவழைத்து வீட்டையே பட்டறையாக்கினார். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதை நாம் ஆற்றுப்படை என்று பாடமாகப் படித்திருக்கிறோம். காவல்காரராகவும் மின்சார வேலையாளாகவும் இருந்த பஜ்ஜு ஷ்யாம், ஜங்கர் போட்ட வெளிக்கோட்டுக்குள் நுண்கோடுகளை நிரப்பித்தான் தொழில் கற்றார். மெல்ல ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு நிரப்புக்கோலம் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கோலமே கையெழுத்து. உழைப்பின் கணக்கும் அதுவே. விலை பேசுகிறவன் மானைப் பார்க்கிறான். மானின் உடம்புக்குள் வைத்த புள்ளிகளுக்கு எத்தனை பொழுது போயிற்று என்று அவன் கேட்பதில்லை. மார்க்ஸ் சொன்ன பண்டத்தின் மாயம் இங்கே நாலு காலில் நிற்கிறது.

இந்த மாயத்துக்கு ஒரு கொடூரமான முகமும் உண்டு. 2001இல் ஜப்பானின் நீகாட்டாவிலுள்ள மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்த ஜங்கர் அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த மரணத்தை ஒற்றைக் காரணத்துக்குள் அடைப்பது அநியாயம். ஆனால் 2010இல் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில், 1988இல் அவர் வரைந்த சிலந்தி ஓவியம் 31,250 டாலருக்குப் போனதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கைக்குக் கிடைப்பது கூலி, படத்துக்குக் கிடைப்பது விலை. இரண்டுக்கும் நடுவில் கை காணாமல் போகிறது.

சட்டம் ஏதாவது செய்யாதா? 1994 திருத்தத்தில் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ பிரிவு சேர்ந்தது. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்கப்பட்டால் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு உண்டு, 10 சதவீதத்துக்கு மிகாமல். ஆனால் நியூயார்க் ஏலக்கூடத்தில் இந்தியச் சட்டம் செல்லாது. 2023இல் கோண்டு ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காப்பது ஒரு மரபின் பெயரை. தனிக் கையின் கோட்டுக்கு அதில் இடமில்லை.

அப்படியானால் சுயாதீனம் எங்கேதான் இருக்கிறது? பஜ்ஜு ஷ்யாம் லண்டனுக்குப் போனது ஓர் உணவகச் சுவரில் படம் போட. சுவர் வேலை கூலி வேலைதான். ஆனால் திரும்பி வந்து அவர் வரைந்தது ‘தி லண்டன் ஜங்கிள் புக்’. சென்னை தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்டது. அதில் பிக் பென் கடிகாரம் சேவலாகிறது, சுரங்க ரயில் மண்புழுவாகிறது, பேருந்து நாயாகிறது. பழங்குடிக் கலைஞனிடம் சந்தை எதிர்பார்ப்பது காட்டு மிருகம். அவரோ வெள்ளைக்காரன் ஊரையே காடாக்கி, பார்க்கப்படும் இடத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு நகர்ந்துகொண்டார். அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. எதை வரைவது என்ற முடிவும் பெயரும் கையோடு ஒட்டியிருக்கிற இடம்தான் சுயாதீனம்.

கொம்பு மரமாக விரியும் மானைத் திரும்பத் திரும்ப வரைந்து விற்கிறார்களே, கலை சீரழிகிறதே என்று அங்கலாய்ப்பவர்கள் நம்மில் உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கிக்கொண்டு, சிறுபத்திரிகையில் கலையின் தூய்மை பற்றி எழுதுவது நமக்கு வசதி. அரிசி வாங்க வரைந்த மானும் மான்தான். பாணன் ஒரே வம்சக் கதையை வாசல்தோறும் பாடியபோது யாரும் அதைச் சீரழிவு என்று சொல்லவில்லை. விமர்சகன் கேட்க வேண்டியது வேறு: இந்த மானுக்கு யார் விலை வைத்தார்கள்? வரைந்த கைக்கு அதில் எவ்வளவு போயிற்று? அடுத்த படத்தில் மான் வேண்டாம் என்று சொல்ல அந்தக் கைக்கு முடியுமா?