மழையில் அமர்ந்திருப்பவன்
சாலிஞ்சரின் புதினமும் முதிர்ந்த வாசகரும்

சில நூல்களுக்கு வயது வரம்பு உண்டு என்பது இலக்கிய உலகில் நெடுநாளாய் வழங்கிவரும் ஒரு கருத்து. பதினாறு வயதில் படித்தால் நெஞ்சைக் கொள்ளைகொள்ளும். நாற்பதைக் கடந்தபின் கையில் எடுத்தால் நாலு பக்கத்தில் சலித்துவிடும் என்று அவற்றைப் பற்றிச் சொல்வதுண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சர் 1951இல் வெளியிட்ட 'தி கேட்சர் இன் தி ரை' என்னும் புதினத்தின்மீதும் இத்தீர்ப்பு அடிக்கடி சுமத்தப்படுகிறது. வளரிளம் பருவத்தின் குரல் என்று உலகமெங்கும் போற்றப்பட்ட இந்நூல், முதிர்ந்த வாசகருக்கு இன்னும் எதையேனும் வைத்திருக்கிறதா? இதுவே நாம் இங்கு எண்ணிப்பார்க்க விழையும் வினா.

கதை சிறியது. பென்சில்வேனியா மாநிலத்தின் விடுதிப் பள்ளி ஒன்றில் பயிலும் ஹோல்டன் கால்ஃபீல்டு என்னும் பதினாறு வயதுச் சிறுவன், ஐந்து பாடங்களில் நான்கில் தோற்று வெளியேற்றப்படுகிறான். கிறிஸ்து பிறப்பு விடுமுறை தொடங்கச் சில நாள்களே உள்ளன. பெற்றோருக்குச் செய்தி எட்டும்வரை காத்திராமல், ஒரு சனிக்கிழமை இரவில் புறப்பட்டு நியூயார்க் நகருக்கு வந்து, திங்கள்வரை அங்கே அலைகிறான். அந்த அலைச்சலை, பின்னர், மருத்துவ ஓய்விடம் ஒன்றிலிருந்து அவனே நமக்குச் சொல்கிறான்.

முதலில் குறைகளை ஒப்புக்கொள்வோம். ஹோல்டனின் பேச்சு முதிர்ந்த காதுகளைக் களைப்படையச் செய்கிறது. சொன்னதையே சொல்கிறான்; வாய்ச்சொல் கரடுமுரடாய் இருக்கிறது. உலகில் எல்லாரையும் போலிகள் என்று இகழும் அவனே, கண்டவரிடமெல்லாம் பொய் சொல்கிறான். இளைஞர்களுக்கு இது வீரமாகத் தோன்றலாம். வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் கணக்கிட்டுப் பழகியவர்களுக்கு, தந்தையின் பணத்தில் நிகழும் இக்கலகம் பெரிதாய்த் தோன்றாது. இந்நூலில் உள்ளது இவ்வளவே எனில், மேற்சொன்ன தீர்ப்பு சரியே.

ஆனால் இவ்வளவே இல்லை. ஹோல்டனுக்கு ஆலி என்றொரு தம்பி இருந்தான். 1946 ஜூலையில், பதினொரு வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனான். அன்றிரவு பதின்மூன்று வயது ஹோல்டன், வீட்டு வாகனக் கொட்டகையின் சன்னல் கண்ணாடிகளையெல்லாம் கைமுட்டியால் குத்தி உடைக்கிறான். அதனால் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்து, தம்பியின் அடக்கத்திற்குப் போகவும் அவனால் இயலவில்லை. இச்செய்திகளைக் கதைக்கு நடுவே, போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறான். இளம் வாசகர் இவற்றை எளிதில் கடந்துவிடக்கூடும். தம் கையால் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கல்லறைக் குழியில் இட்டவர்களால் அப்படிக் கடக்க இயலாது. சவப்பெட்டியின் முன் விடைபெற வாய்க்காத துயரம் எத்தகையது என்பதை அவர்கள் அறிவார்கள். அவன் நூல் முழுவதும் கோபமாய்ப் பேசியது, அழத் தெரியாத ஒருவனின் அழுகையே என்பது அவர்களுக்குப் புலப்படும்.

அவ்வாறு புலப்பட்டபின் ஏனைய காட்சிகளும் நிறம் மாறுகின்றன. அறைத்தோழனுக்காக ஒரு கட்டுரை எழுதித் தர ஒப்புக்கொள்ளும் ஹோல்டன், ஆலியின் பந்துக் கையுறையைப் பற்றி எழுதுகிறான். விளையாட்டின் இடைவேளைகளில் படிப்பதற்காகத் தம்பி பச்சை மையில் கவிதைகளை எழுதிவைத்திருந்த கையுறை அது. கேட்டது ஓர் அறையையோ வீட்டையோ பற்றிய வருணனை என்று சொல்லித் தோழன் சினக்கிறான். ஹோல்டன் அதைக் கிழித்துப்போடுகிறான். வரலாற்று ஆசிரியர் ஸ்பென்சர் அவனை வீட்டிற்கு அழைத்து, அவன் எழுதிய தேர்வுத்தாளை அவன் முன்னேயே உரக்கப் படித்துக்காட்டி அறிவுரை வழங்குகிறார். அவர் நல்லவர், அக்கறையும் உள்ளவர். எனினும், 'உனக்கு என்ன நேர்ந்தது, மகனே?' என்ற ஒரு கேள்வி அவரிடமிருந்து எழவில்லை.

தாயைப் பற்றிய இடம் இன்னும் நுட்பமானது. ஆலியின் மறைவிலிருந்து அவள் இன்னும் மீளவில்லை என்பதை ஹோல்டன் அறிவான். நள்ளிரவில் திருட்டுத்தனமாய் வீட்டிற்குள் வந்து, பத்து வயதுத் தங்கை ஃபீபியிடம் பேசிக்கொண்டிருக்கையில் தாய் வந்துவிட, அவன் துணி அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறான். தாய் மகளிடம் இரண்டொரு சொல் பேசிவிட்டுச் சென்றுவிடுகிறாள். ஒரே பிள்ளையை எண்ணித் துயருறும் இருவருக்கும் இடையே ஓர் அலமாரிக் கதவு. இளையோர் இக்காட்சியை உள்ளிருந்து படிக்கிறார்கள்; அகப்படாமல் தப்ப வேண்டுமே என்று அஞ்சுகிறார்கள். பெற்றோரான நாமோ கதவுக்கு வெளியே நின்று படிக்கிறோம். நம் இல்லங்களில் எந்தக் கதவுக்குப் பின்னால் எந்தப் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறதோ என்ற கலக்கம் நம்மைத் தொடுகிறது.

இறைநம்பிக்கை கொண்ட வாசகர் கவனிக்கத்தக்க வேறு இடங்களும் உள்ளன. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையில் ஹோல்டன் இரு அருட்சகோதரிகளைச் சந்திக்கிறான். அவர்கள் முன் ரொட்டியும் காப்பியும் மட்டுமே. தன் தட்டில் பன்றி இறைச்சியும் முட்டையும் இருப்பது அவனுக்கு வெட்கமாகிறது. பத்து டாலர் நன்கொடை தருகிறான். இன்னும் தந்திருக்கலாமே என்று பின்னர் வருந்துகிறான். அவர்கள் அவனுக்கு எதையும் போதிக்கவில்லை. நீ கத்தோலிக்கனா என்றும் கேட்கவில்லை. அவன் படித்த நூல்களைப் பற்றி அவனோடு உரையாடினார்கள், அவ்வளவே. அந்த அலைச்சலில் அவன் மனம் அமைதி கொண்ட மிகச் சில வேளைகளுள் அதுவும் ஒன்று.

தன்னை ஒருவகை நாத்திகன் என்று சொல்லிக்கொள்ளும் இவன், யூதாசை இயேசு நரகத்திற்கு அனுப்பியிருக்கமாட்டார் என்று ஆயிரம் டாலர் பந்தயம் கட்டத் துணிகிறான். பலரைப் புனிதர் என்று அறிவித்த திருச்சபை, எவரையும் பெயர் சுட்டி நரகத்தில் இருப்பதாக அறிவித்ததில்லை என்பது நாம் அறிந்ததே. விவிலியத்தில் இயேசுவுக்கு அடுத்து அவனுக்கு மிகவும் பிடித்தவர், கல்லறைகளிடையே வாழ்ந்து கற்களால் தம்மையே காயப்படுத்திக்கொண்ட மனிதர். கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டவன் மாற்கு நற்செய்தியில் தன் உடன்பிறப்பைக் கண்டுகொண்டான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஓர் இடத்தை நாம் மௌனமாய்த் தாண்டிச் செல்லக்கூடாது. முன்னாள் ஆசிரியர் அன்டோலினியின் வீட்டில் அடைக்கலம் புகும் ஹோல்டன், இருளில் அவர் கை தன் தலையை வருடுவதை உணர்ந்து, விழித்து, ஓடிப்போகிறான். அவர் நோக்கம் என்ன என்பதை ஆசிரியர் தெளிவாக்கவில்லை. ஹோல்டனே பின்னர் ஐயுறுகிறான். ஆனால் சிறுவயது முதல் இத்தகையவை தனக்கு இருபது முறையேனும் நேர்ந்திருப்பதாக அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறான். சிறாரின் பாதுகாப்பைப் பற்றித் திருச்சபையும் சமூகமும் பெரும் வலியோடு கற்றுக்கொண்டிருக்கும் இக்காலத்தில், அந்த வரி நம்மை நகரவிடாமல் நிறுத்துகிறது. அவனிடம் யாரேனும் கேட்டிருந்தால், அவன் சொல்லியிருப்பான் அன்றோ?

நூலின் தலைப்பே ஒரு பிழையிலிருந்து பிறந்தது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பாடல் ஒன்றில் ஒருவரை ஒருவர் சந்திப்பதைக் குறிக்கும் சொல்லை, ஹோல்டன் பிடிப்பது என்று நினைத்திருக்கிறான். தானிய வயலின் ஓரத்தில் செங்குத்தான பாறை. அதன் விளிம்புக்கு ஓடிவரும் குழந்தைகளை விழாமல் பிடித்துக்கொள்பவனாய்த் தான் நிற்க வேண்டும் என்பது அவன் கனவு. ஃபீபிதான் அவனைத் திருத்துகிறாள்: பாடலில் உள்ளது பிடிப்பது அன்று, சந்திப்பது. பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கும் மாணவரைப் பயிற்றுவித்தவர்களுக்கும் இத்திருத்தத்தின் ஆழம் விளங்கும். ஸ்பென்சரும் அன்டோலினியும் அவனைப் பிடிக்கவே முயன்றார்கள். அந்த இரு அருட்சகோதரிகளோ அவனைச் சந்தித்தார்கள்.

ஆலியின் கல்லறையைக் காணச் சென்றபோது இரு முறை மழை பெய்ததாக ஹோல்டன் ஓரிடத்தில் சொல்கிறான். வந்திருந்தவர்களெல்லாம் தத்தம் வாகனங்களுக்கு ஓடிவிட்டார்கள். ஆலி மட்டும் அங்கேயே நனைந்து கிடந்தான். அது அவனால் தாங்கமுடியாததாய் இருந்தது. நூலின் இறுதிப்பகுதியில் ஃபீபி குதிரை ராட்டினத்தில் சுற்றிவருகிறாள். குழந்தைகள் பொன் வளையத்தை எட்டிப் பிடிக்க முயல்கிறார்கள். விழுந்தாலும் விழட்டும், தடுக்கலாகாது என்று இப்போது ஹோல்டன் உணர்கிறான். பெருமழை கொட்டுகிறது. பெற்றோரெல்லாம் ராட்டினத்தின் கூரைக்கடியில் ஒதுங்குகிறார்கள். அவன் மட்டும் பலகையில் அமர்ந்து முழுக்க நனைகிறான். ஆலிக்காக எவரும் செய்யாததை ஃபீபிக்காக அவன் செய்கிறான். அவளைப் பிடிக்கவில்லை, விட்டுப் போகவுமில்லை.

சாலிஞ்சர் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படைகளோடு சென்றவர். போர் முடிந்தபின் மனச்சோர்வால் மருத்துவமனையில் தங்கியவர். நூல் வெளிவரும்போது 32 வயதினர். எத்தனையோ இறப்புகளைக் கண்ட ஒருவர், ஒரே ஓர் இறப்பை மையமாக்கி எழுதிய நூல் இது. இதை இளையோருக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது பொருந்தாது. இளையோருக்கு இந்நூல் பெரியவர்கள்மீது சாட்டும் குற்றப்பத்திரிகை. பெரியவர்களுக்கோ இது ஓர் ஆன்ம சோதனை. நம்மிடம் வரும் பிள்ளைகளுக்கு அறிவுரைகளை அள்ளித் தருகிறோம். மழை வரும்போது கூரைக்கடியில் ஒதுங்கிக்கொள்கிறோமா, அவர்களோடு இருக்கிறோமா என்று அது நம்மைக் கேட்கிறது. அக்கேள்விக்கு நேர்மையாய் விடை தேட விரும்பும் எவரும், எந்த வயதிலும், இந்நூலைத் திறக்கலாம்.