மார்கய்யாவின் தகரப்பெட்டி

ஆர்.கே.நாராயண் என்ற பெயரில் முதலில் நிற்கிற 'ஆர்' எங்க ஊர். ராசிபுரம். தம்பி ஆர்.கே.லக்ஷ்மணுக்கும் அதே 'ஆர்'தான். அண்ணன் பிறந்தது 1906-ல் சென்னையில். தம்பி பிறந்தது 1921-ல் மைசூரில். மால்குடியில் ஓடுவதோ சரயு நதி. ஆக, எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு இனிஷியல். நெய்க்கும் ஜவ்வரிசிக்கும் பட்டுக்கும் பேர் போன ஊருக்கு இது உபரி லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாராயணைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய நகைச்சுவை, எளிமை, மால்குடி என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். வி.எஸ்.நைபால் 1977-ல் 'மிஸ்டர் சம்பத்'தைக் கையில் எடுத்துக்கொண்டு இந்திய மனசையே ஒரு பிடி பிடித்தார். எனக்கு அவ்வளவு பெரிய சரக்கெல்லாம் இல்லை. நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் ஸ்டேஷனரி. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், பேனா, பேப்பர், மசி, ஃபாரம் இவற்றை நாராயண் அளவுக்குக் கவனித்து எழுதினவர் நம் பக்கத்தில் இல்லை என்பேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கப்பா ராசிபுரத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருந்தார். எட்டடிக்குப் பத்தடி. ஸ்கூல் விட்டதும் நேரே கடைதான். குயர் நோட்டு, லாங்சைஸ் நோட்டு, கோடு போட்டது, போடாதது. கேம்லின் ஜியாமெட்ரி பாக்ஸ், நடராஜ் பென்சில், பிரில் மசி, கார்பன் பேப்பர், ஃபைல் கட்டும் சிவப்பு நாடா, குண்டூசி டப்பா, அரக்குக் குச்சி, மரத்தில் உருட்டின ரூல் தடி. பாலிடெக்னிக் பசங்களுக்காக டிராயிங் ஷீட், டிரேஸிங் பேப்பர். ஒரே ஒரு மினி டிராஃப்டர் உயரத்தில் ஆணியில் தொங்கும். அதைத் தொட எனக்கு அனுமதி கிடையாது.

புதுப் பேப்பர் ரீமைப் பிரிக்கும்போது வருகிற வாசனைக்காகவே சனிக்கிழமை காலையில் கடைக்குப் போவேன். எங்க ஜில்லாவிலேயே, காவிரிக்கரையில் பள்ளிபாளையத்தில், 1960-ல் ஆரம்பித்த சேஷசாயி பேப்பர் மில் இருக்கிறது. (அன்றைக்கு அது சேலம் ஜில்லா. நாமக்கல் தனியாகப் பிரிந்தது 1997-ல்.) பக்கத்துச் சர்க்கரை ஆலையில் கரும்பு பிழிந்த சக்கை அங்கே காகிதமாகிறது என்று அப்பா சொன்ன நாளிலிருந்து, வெள்ளைத்தாளை நாக்கில் வைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் வந்தது. இனிக்காது. நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.

இப்படி வளர்ந்த ஒருத்தன் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' படித்தால் எந்த இடத்தில் நிற்பான்? கிரிக்கெட்டில் இல்லை. ஸ்வாமிநாதன் பரீட்சைக்கு முன்னால் உட்கார்ந்து சாமான் பட்டியல் போடுகிறானே, அங்கே. கோடு போடாத வெள்ளைத்தாள், நிப்பு, மசி, க்ளிப், குண்டூசி. ஐந்தே ஐந்து. ரெண்டு மூணு பக்கத்துக்கு வரும் என்று நினைத்து ஆரம்பித்தவனுக்கு, தன் தேவை இவ்வளவுதானா என்று துக்கமாகிவிடுகிறது. அடித்துத் திருத்தி, அப்பாவிடம் கொண்டுபோகிறான். நினைத்தபடி நடக்கவில்லை.

1935-ல் வந்த நாவல் இது. ஸ்டேஷனரிப் பித்தின் மொத்த வியாதியும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. பித்துப் பிடித்தவனுக்குப் படிப்பு முக்கியமில்லை. படிக்கப் போகிறோம் என்கிற ஏற்பாடுதான் முக்கியம். புது நோட்டில் முதல் பக்கம் மட்டும் மணிமணியாக எழுதுகிற அத்தனை பேரும் ஸ்வாமிநாதன்தான். (கையைத் தூக்கவும்.)

அதே மனிதர் ராஜ்யசபாவுக்கு நியமன எம்.பி.யாகப் போய், 1989-ல் எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? குழந்தைகளின் புத்தகப்பைச் சுமை. முதுகு வளைந்து போகிறது என்றார். பின்னால் யஷ்பால் கமிட்டி அமைந்து, 1993-ல் அறிக்கை கொடுத்தது. பை இளைத்ததா என்று உங்கள் வீட்டில் தராசு இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது 1952-ல் வந்த 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்'. ஆண்டகளூர் கேட் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு பழைய பிரதி கைக்கு வந்தது. பெயரைப் பார்த்து அக்கவுன்டன்சி கைடு என்று நினைத்து எடுத்தேன், சத்தியமாக.

மார்கய்யா என்று ஒருவர். மால்குடி கூட்டுறவு நில அடமான பேங்குக்கு எதிரே ஆலமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். முதலீடு ஒரு தகரப்பெட்டி. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற அளவு. உள்ளே மசிக்கூடு, பேனா, ஒற்றுத்தாள், பெயரும் தொகையும் எழுதின சின்னக் கணக்குப் புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலாக, பேங்கின் கடன் விண்ணப்ப ஃபாரங்கள். கிராமத்து ஜனங்களுக்கு எப்படிக் கடன் வாங்குவது, ஒரு கடனை வைத்து இன்னொரு கடனை எப்படி அடைப்பது என்று வழி காட்டுகிறார். அதனால்தான் அந்தப் பேரே.

பேங்க் செக்ரட்டரிக்கு ஏன் கோபம் வருகிறது என்று கவனியுங்கள். எங்க பேங்கின் ஃபாரம் உன் பெட்டிக்குள் எப்படி வந்தது? அதுதான் கேள்வி. பேங்க் என்பது பணம் இருக்கும் இடம் என்று நினைக்கிறோம். இல்லை, ஃபாரம் இருக்கும் இடம். ஃபாரம் மரத்தடிக்கு வந்துவிட்டால் பேங்கும் மரத்தடிக்கு வந்துவிட்டது. மூணு வருஷம் பேங்கிங் பேப்பர் படித்து எனக்குப் புரியாததை நாராயண் ஒரு தகரப்பெட்டியில் காட்டிவிட்டார்.

அப்புறம், பையன் பாலு கணக்குப் புத்தகத்தைத் தூக்கிச் சாக்கடையில் எறிகிறான். தொழில் காலி. படித்துவிட்டு ஹாஸ்டல் அதிரச் சிரித்தேன்.

அடுத்த வருஷம் என்ன ஆச்சு என்றால், 1999.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தறி போட ஃபைனான்ஸில் பணம் வாங்கினார். ஜாமீனுக்கு அப்பா. புரோநோட்டு ஃபாரம் எங்க கடையிலிருந்தே போனது. அதற்குக் காசு வாங்கிக்கொண்டாரா என்று தெரியாது. அச்சடித்த புரோநோட்டு, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு, ஸ்டாம்பின் மேல் குறுக்காகக் கையெழுத்து. தொகை, தேதி, வட்டி எல்லாம் வெற்று. "அப்புறம் எழுதிக்கலாமுங்க" என்று சொன்னார்களாம். அப்பாவும் சரி என்றிருக்கிறார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள்.

சிநேகிதர் நொடித்துப் போனார். புரோநோட்டு கோர்ட்டுக்கு வந்தது. வாங்கினது என்ன, எழுதியிருந்தது என்ன என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. மூன்று மடங்குக்கு மேல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் நகலைக் காட்டினார். பிறகு ஒரு நாள் கோர்ட்டில் அசலையும் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கையெழுத்து ராயல் ப்ளூ மசி, ஃபவுன்டன் பேனா; நிப்பு கொஞ்சம் இடது பக்கம் தேய்ந்தது, அது அப்பாவின் பேனா. தொகையும் தேதியும் கறுப்பு பால்பாயின்ட். ரெண்டும் ஒரே நாளில், ஒரே கையில் எழுதினது இல்லை. சின்ன வயசிலிருந்து மசிப்பாட்டில்களோடு வளர்ந்தவன் கண்ணுக்கு இது தப்புமா? ராயல் ப்ளூ துணியில் பட்டால் துவைத்து எடுக்கலாம், வெயிலில் வெளுக்கும். ப்ளூ-ப்ளாக் என்றால் அதில் இரும்புச் சத்து உண்டு. காற்று பட்டுக் கறுத்துக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் பத்திரத்துக்கு அது. இதையெல்லாம் வக்கீலிடம் ஒரு லெக்சராகவே அடித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நீ பி.காம்.தானே? நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட் படிச்சிருப்பியே?"

"படிச்சிருக்கேன் சார். 1881."

"இருபதாவது செக்ஷன் என்ன சொல்லுது?"

சொன்னேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். ஸ்டாம்பு ஒட்டின தாளில் கையெழுத்துப் போட்டு வெற்றாகவோ பாதியாகவோ கொடுத்தால், வைத்திருப்பவர் அதைப் பூர்த்தி செய்துகொள்ள முகாந்திரமாக அதிகாரம் கொடுத்ததாகிறது. சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. மசி வேறு வேறு என்று நான் நிரூபித்தால், நிரூபிப்பது இவ்வளவுதான்: அப்பா வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டார்.

பேசித் தீர்த்தார்கள். கடை போனது. மினி டிராஃப்டரை யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை.

கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 2003-ல்.

அதற்கப்புறம் 'ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்'டை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை சாக்கடைக் காட்சியில் சிரிப்பு வரவில்லை. நாவல் மார்கய்யாவின் பின்னாலேயே போய்விடுகிறது. புத்தகம் போச்சே என்று அவரோடு நாமும் பரிதவிக்கிறோம். அந்தப் புத்தகத்தில் பேர் எழுதியிருந்தவனுக்கு என்ன ஆச்சு? கட்டின தொகை வரவு வைத்திருந்ததா? கட்டாதது தப்பித்ததா? ஆலமரத்தடியில் குந்தியிருந்த அந்தக் கிராமத்துக்காரர்கள் நாராயணுக்கு வேடிக்கையான ஜனங்கள். கல்யாணத்துக்குக் கடன், பழைய கடனை அடைக்கக் கடன். பெட்டியைத் திறக்கிறவன் பக்கம் உட்கார்ந்து கதை சொல்கிறார். கைநாட்டு வைக்கிறவன் பக்கம் ஒரு தடவைகூட இடம் மாறி உட்காரவில்லை. இது என் குற்றச்சாட்டு. கோபத்தில் சொன்னதில்லை, இருபத்தைந்து வருஷம் யோசித்துச் சொல்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. நடுவில் மார்கய்யா ஒரு டாக்டர் பாலிடமிருந்து ஒரு மாதிரியான கையெழுத்துப்பிரதியை வாங்கி, 'டொமஸ்டிக் ஹார்மனி' என்று நாகரிகப் பெயர் வைத்து அச்சடித்துப் பணக்காரர் ஆகிறார். பிறகு டெபாசிட் வாங்குகிறார். வீடு முழுக்க மூட்டை மூட்டையாக நோட்டு. நாவல் இங்கே வேகமாக ஓடுகிறது, ஆனால் சதைப்பற்று குறைகிறது. காரணம், கையில் பிடிக்கச் சாமான் இல்லை. நாராயணின் எழுத்துக்கு ஒரு மசிக்கூடோ ஒரு நீலத் திரையோ வேண்டும். 'மேன்-ஈட்டர் ஆஃப் மால்குடி'யில் அச்சாபீஸ் நடராஜ், நீலத் திரையைத் தொங்கவிட்டு, பக்கத்து பிரஸ்ஸில் ஓடுகிற ஹைடல்பர்க் மெஷின் தன்னுடையதோ என்று வந்தவர்கள் நினைக்கும்படி விட்டிருப்பாரே, அந்த மாதிரி. 'கைடு' நாவலில் ராஜூவை ஜெயிலுக்கு அனுப்புவதும் என்ன? ரோஸியின் நகைப்பெட்டிக்காக அவன் போட்ட கள்ளக் கையெழுத்து. ஒரு தாள், ஒரு பேனா, ரெண்டு நொடி. நாவலே திரும்பிவிடுகிறது. மூட்டைப் பணத்தை வைத்துக்கொண்டு அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசியில் தெரிகிறது. டாக்டர் பால் கிளப்பிவிட்ட வதந்தியில் டெபாசிட்காரர்கள் படையெடுத்து வந்து, எல்லாம் போய், மார்கய்யா பழைய இடத்துக்கே வருகிறார். பையனிடம் அந்தத் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போகச் சொல்கிறார். முதல் தடவை படித்தபோது இது எனக்குச் சுபமான முடிவாகத் தோன்றியது. ரெண்டாம் தடவை பயமாக இருந்தது. பையனிடம் பெட்டி போகிறது. அதாவது ஃபாரம் போகிறது, மரத்தடியில் வரிசையும் அப்படியே இருக்கிறது. என்னுடைய குற்றச்சாட்டுக்கு நாராயண் பதில் எழுதிவைத்திருக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது அப்போதுதான். ஆனால் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். சிரிக்காமல் சொல்லியிருந்தால் இன்னும் பெரிய நாவல். ஒருவேளை யாரும் படிக்காத நாவல்.

தம்பி லக்ஷ்மண் கதை வேறு. பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி சேர்க்க மறுத்துவிட்டது. பிரஷ்ஷும் இந்தியன் இங்க்கும் வைத்துக்கொண்டு, 1951-லிருந்து கட்டம் போட்ட கோட்டோடு ஒரு மனிதரை வரைந்தார். அவர் எதையும் பேசுவதில்லை, எதிலும் கையெழுத்துப் போடுவதுமில்லை. புத்திசாலி.

அப்பா தவறிப்போய்ச் சில வருஷமாகிறது. அவர் கடையைக் காலி செய்தபோது ஒரு பெட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது. போன ஜூனில் அதைத் திறந்தேன். காய்ந்துபோன அரக்கு, நாலைந்து நிப்பு, துருப்பிடித்த குண்டூசி, பிரிக்காத ஒரு கட்டு புரோநோட்டு ஃபாரம். அச்சு இன்னும் பளிச்சென்று இருந்தது. நல்ல பேப்பர். சொல்லத்தான் வேண்டும், தடவிப் பார்த்தேன்.

ஏழாவது படிக்கிற மகள் எட்டிப் பார்த்தாள். ஸ்கூல் திறக்கிற சமயம். அவள் கையில் பட்டியல். ஸ்டிக் ஃபைல், சார்ட் பேப்பர், ஜெல் பேனா ரெண்டு கலர். பதினோரு ஐட்டம்.

"இது என்னப்பா?"

சொன்னேன். பாதி புரிந்திருக்கும்.

"பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு. கணக்கு ரஃப் போட எடுத்துக்கட்டா?"

எண்ணிப் பத்துத் தாள் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால், கையெழுத்துப் போடும் இடத்தில் ஒவ்வொன்றிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அப்புறம் ரப்பர் இருக்கிறதே என்று ஞாபகம் வந்து, பேனாவை எடுத்தேன்.