கூரை யாருக்கு?

குழந்தைகளுக்கான உள்ளரங்க விளையாட்டுக் கூடம் என்றதும் நம் கண்ணில் வருவது ரப்பர் தரை, பந்துக் குளம், ஏசி, மணிக்கு இவ்வளவு என்கிற கட்டணம். 'பணக்காரப் புள்ளைங்க சமாச்சாரம்' என்று இயக்க நண்பர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்குவதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஏழைக் குழந்தைக்குத் தெருவும் மண்ணும் போதும், அதுதான் இயற்கையான விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

இந்த மண்வாசனைக் கற்பனையை ஆறுமுகநேரி உப்பளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அளத்தில் நிழல் கிடையாது. வெயில் மேலிருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுத் திரும்பியும் அடிக்கும். அதற்கு முந்திக்கொள்ள விடியுமுன்பே பாத்தியில் இறங்கியாக வேண்டும். 'புள்ளய எங்க விட்டுட்டுப் போறது?' என்பது அன்றைய கூலியைத் தீர்மானிக்கிற கேள்வி. பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளைதான் என்றால் அவள் படிப்பு போச்சு. ஆக, 'உள்ளே' என்பது இங்கே சொகுசு கிடையாது.

மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6இல் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோமின் சான் லொரென்சோ என்கிற தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட உரிமையாளர்கள் ஒதுக்கிய அறை அது. சொத்தைக் காக்கக் கொடுத்த அறைக்குள்தான் குழந்தை தானே தேர்ந்து தானே கற்கும் என்று அவர் கண்டார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தந்தார். இன்று அந்தப் பெயரைக் கட்டணப் பள்ளிகளின் பலகையில்தான் அதிகம் பார்க்கிறோம்.

தாராபாய் மோடக் வேறு திசையில் போனார். 1945இல் இன்றைய மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள போர்டியில் வேலையைத் தொடங்கியவர், பள்ளிக்கு வராத ஏழைப் பிள்ளைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அக்கம்பக்கத்தில் கிடைப்பதே விளையாட்டுப் பொருளாயிற்று. அங்கன் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 'அங்கன்வாடி' என்கிற சொல்லை எடுத்துக்கொண்டது. தாயின் நாளை எடுத்துக்கொள்ளவில்லை. அளத்துக்காரி இறங்கிச் சில மணி கழித்துத்தான் அங்கே கதவு திறக்கும்.

சட்டத்தின் மொழியையும் வாசித்துப் பார்ப்போம். 2002இன் 86ஆவது திருத்தம் கல்வியை ஆறிலிருந்து பதினான்கு வயதுவரை அடிப்படை உரிமையாக்கியது. ஆறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு 'முயலும்' என்றது. ஐம்பது பேர் வேலைசெய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017இன் மகப்பேறுச் சட்டத் திருத்தம். பத்தும் இருபதுமாகச் சிதறிக் கிடக்கிற சிறு அளங்களில் அந்த ஐம்பது எப்படிச் சேரும்? பிள்ளைகளோடு விளையாடுகிறவளின் உழைப்புக்குப் பெயரோ 'மதிப்பூதியம்'. அவளுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அறை என்றாலே கண்காணிப்பு, ஒழுங்குபடுத்தல் என்று கோட்பாட்டு நண்பர்கள் சொல்வார்கள். கைகட்டி உட்காரவைத்து எழுத்தைத் திணிக்கிற அறைக்கு அது பொருந்தும். ஆனால் அறையே கிடைக்காத குழந்தையின் முன்னால் நின்று அறையை விமர்சிப்பது யாருடைய குரல்? அளத்தின் ஓரத்தில் ஒரு கூரை, தாய் இறங்குகிற நேரத்தில் திறக்கிற கதவு, உள்ளே சம்பளம் வாங்குகிற ஒருத்தி: இம்மூன்றையும் கூலி உயர்வுக் கோரிக்கையோடு சேர்த்தே சங்கங்கள் எழுத வேண்டும். உள்ளே எப்படி விளையாடுவது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.