ரீசெட்டின் தலைமேல் ஒரு கோடு

யாராவது ஸ்கீமாட்டிக்கைக் கையில் கொடுத்தால் நான் முதலில் தேடுவது ரீசெட் லேபிளைத்தான். பவர் சப்ளை, டீகப்ளிங் எல்லாம் பிறகு. ரீசெட்டின் தலைமேல் கோடு இருக்கிறதா? முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஓடுகிறதா? பொத்தான் பக்கமும் புராசசர் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? மூன்றும் சரியென்றால் மீதி ஷீட்டுகளை நிம்மதியாகப் புரட்டலாம். வரைந்தவர் பெயர்களை மதிப்பவர்.

பாலிடெக்னிக்கில் 8085 கிட்டின் கையேட்டில்தான் அந்தக் கோட்டை முதன்முதலில் பார்த்தேன். ரீட், ரைட் இரண்டுக்கும் மேலே கோடு, ஏஎல்இக்குக் கிடையாது. அதைவிட அழகு, 36ஆம் பின்னில் இருக்கும் ரீசெட் இன் மேல் கோடு உண்டு, 3ஆம் பின்னில் இருக்கும் ரீசெட் அவுட் மேல் இல்லை. அந்த ஒரு வேற்றுமையை வைத்துக்கொண்டு எங்கள் ஆசிரியர் ஒரு பீரியட் முழுக்கப் பேசினார். உள்ளே போகும்போது தாழ வேண்டும், வெளியே வரும்போது உயர வேண்டும். இதைச் சொல்ல அந்தக் கையேட்டுக்கு ஒரு சின்னக் கோடு போதுமானதாக இருந்தது.

இன்று அந்தக் கோட்டைப் போடத் தனிக் கவனம் வேண்டும். ஸ்கீமாட்டிக் வரையும் மென்பொருளான கிகாட்டில் முன்பெல்லாம் அலைக்குறி போட்டால் போதும்; 6ஆம் பதிப்பிலிருந்து அலைக்குறியோடு சுருள் அடைப்பும் வேண்டும். ஈகிளில் ஆச்சரியக்குறி. ஆல்டியத்தில் எழுத்துக்கு எழுத்து பின்சாய்கோடு, ரீசெட்டுக்கு ஐந்து. ஒன்றை விட்டால் கோட்டில் சின்ன இடைவெளிதான் தெரியும், ஆனால் பெயரே வேறாகிவிடும்.

கோட்டுக்குப் பதில் பெயருக்கு முன்னால் சாய்கோடு போடும் நண்பர்கள் உண்டு. கிகாட்டில் சாய்கோடு ஷீட்டின் பாதைக்கு உரியது. முதல் ஷீட்டில் ரீசெட் என்று வெறும் லோக்கல் லேபிள் வைத்தாலே, போர்டு எடிட்டரில் அது முன்னால் ஒரு சாய்கோட்டோடு வந்து நிற்கும். பழைய கண்ணுக்கு அது தாழ்நிலை ரீசெட். பெயருக்குப் பின்னால் 'என்' எழுத்தை ஒட்டுபவர்களின் வாதம் இதைவிட வலுவானது. வெரிலாக்கில் தலைக்கோடு போட முடியாது என்பார்கள், உண்மைதான். ஆனால் அதே வாலைத்தானே யூஎஸ்பி ஜோடியின் மைனஸ் பக்கத்துக்கும் ஒட்டுகிறோம்? கிகாட் டிஃபரன்ஷியல் ஜோடியை அடையாளம் காண்பதும் அந்த வாலைப் பார்த்துத்தான். ஒரு வாலுக்கு இரண்டு பொருள் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு பெயருக்கு இரண்டு பொருள் இருந்ததால் நான் பட்ட பாடு வேறு. ஜிபிஎஸ் ஷீட்டில் மாட்யூலின் பார்வையில் டிஎக்ஸ்; புராசசர் ஷீட்டில் புராசசரின் பார்வையில் டிஎக்ஸ். இரண்டும் குளோபல் லேபிள். மென்பொருள் அவற்றைச் சேர்த்துவிட்டது. புராசசர் பின் இருவழி என்பதால், மின் விதிகளைச் சரிபார்க்கும் இஆர்சி எதுவும் சொல்லவில்லை. இருபது போர்டுகளில் டிராக் வெட்டி ஜம்பர் போட்டோம். அன்றிலிருந்து எங்கிருந்து எங்கே போகிறது என்பதையே பெயராக வைக்கிறேன். 'மோசி' என்ற பெயர் எனக்குப் பிடிப்பதும் இதனால்தான். எந்த முனையில் நின்று படித்தாலும் அதற்கு ஒரே பொருள்.

இஆர்சியில் பிழை இல்லை என்று வந்தாலே எல்லாம் சுத்தம் என்ற நினைப்பு இப்போது பெருகிவிட்டது. பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பத்தை அது பிடிக்கும். துணையில்லாத குளோபல் லேபிளையும் பிடிக்கும். ஆனால் இஎஸ்பி32இன் ஐஓ0வில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைத் தட்டி, அதையே நகலெடுத்து இன்னோர் இடத்திலும் ஒட்டினால், பிழையான இரண்டும் தமக்குள் சேர்ந்துகொள்ளும். எச்சரிக்கை வராது. நெட்டுகளின் பட்டியலை அகரவரிசையில் வைத்து, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தால்தான் அந்தப் போலி இரட்டையர் அகப்படுவார்கள். பத்து நிமிட வேலை. அதைச் செய்ய இன்று ஆளில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. இரண்டங்குலத் தூரத்தில் இருக்கும் ரெசிஸ்டருக்குக்கூட ஒயர் இழுக்காமல் லேபிள் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு ஐசியும் தனித்தீவு. சிக்னல் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் தொடர முடியாத படம், பெயர்ப் பட்டியலுக்குச் சமம். பக்கத்தில் இருப்பதற்கு ஒயர், தொலைவில் இருப்பதற்கு லேபிள் என்ற பழைய வழக்கத்தை நான் விடுவதாக இல்லை.

போன மாதம் என் பழைய போர்டு ஒன்று பழுதுக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஸ்கீமாட்டிக்கைப் பக்கத்தில் விரித்து, ரீசெட் பின்னில் மீட்டரை வைத்தான். 3.3 வோல்ட். லேபிளை ஒருமுறை பார்த்தான்.

"ரீசெட்ல ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பின்னுக்குப் போனான்.