படமும் பயிற்சியும்

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் மூளையை இசை மாற்றியமைக்கின்றது எனத் துணிந்து கூறுவோர் இன்று உளர். அவர்களுக்கு ஆதாரமாய் அமைவனவற்றுள் ஒன்று, கனடாவின் மொன்றியல் நகரில் மேகா சர்தா முதலானோர் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வாகும். அதனை ஆராயாது போற்றுவதும் ஆராயாது தள்ளுவதும் எமக்கு உடன்பாடல்ல.

ஆய்வுக்குட்பட்டோர் 6 முதல் 12 வயது வரையான 51 பிள்ளைகள். ஒருசாராருக்கு இசைப்பயிற்சி, மறுசாராருக்கு இசை கலவாத விளையாட்டு. இருசாராரும் வாரம் ஒருமுறை 45 நிமிடம் பயிற்சியாளரோடு தனித்திருந்தனர். 8 முதல் 12 வாரங்களின் பின், இசை பயின்றோரின் தொடர்பாடல் மேம்பட்டதெனப் பெற்றோர் நிரப்பிய வினாக்கொத்துக் காட்டிற்று. மூளையின் கேட்டற் பகுதிக்கும் இயக்கப் பகுதிக்கும் இடையே தொடர்பு மிகுந்தது. கேட்டற் பகுதிக்கும் காட்சிப் பகுதிக்கும் இடையே குறைந்தது. ஓட்டிசத்தின் கடுமையிலோ இருசாராருக்கும் வேறுபாடு தோன்றவில்லை. மேற்கோள் காட்டுவோர் மறந்துவிடுவது இதனையே.

'தொடர்பு' என்ற சொல்லே எம்மை மயக்குகின்றது. புதிய நரம்பிழை முளைத்ததை எவரும் கண்டிலர். எம்.ஆர்.ஐ. கருவியுள் பிள்ளை படுத்திருக்கையில் மூளையின் பல பகுதிகளிலும் குருதியின் ஒட்சிசன் அளவு ஏறி இறங்குகின்றது. இரு பகுதிகள் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கின், அவை தொடர்புடையன எனக் கணிக்கின்றனர். தலை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக அசைந்தாலும் இக்கணிப்புத் திரியக்கூடும் என்பதை 2012இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. பயிற்சியால் ஒரு பிள்ளை சற்று அடங்கிப் படுக்கக் கற்றால், அதுவே மூளை மாற்றமாகத் தோன்றலாமன்றோ? ஆய்வாளர் இதற்குத் திருத்தம் செய்கின்றனர். ஆயினும் ஐயம் முற்றாய் நீங்குவதில்லை. கருவியுள் படுக்கவே இயலாத பிள்ளையோ இத்தகைய படங்களில் இடம்பெறுவதே அரிது.

இதற்கு முந்திய ஆண்டில், 2017இல், ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 364 பிள்ளைகளிடம் நடந்த பெருஞ்சோதனையொன்றின் முடிவு வெளியாயிற்று. ஐந்து மாத இசைச்சிகிச்சை, ஓட்டிசத்தின் சமூகக் குறிகளிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் விளைவிக்கவில்லை.

ஆயின் மூளையாராய்ச்சி வீண் என்போமல்லோம். 1943இல் லியோ கனர் 11 பிள்ளைகளை விவரித்து எழுதிய பின், தாயின் அன்பின்மையே காரணமென்ற கொடிய கருத்துப் பரவிற்று. புறூனோ பெற்றல்ஹைம் 1967இல் நூலெழுதி அதனை வலியுறுத்தினார். அப்பழியிலிருந்து தாய்மாரை மீட்டதில் உயிரியல் ஆய்வுக்குப் பெரும்பங்குண்டு. ('மதியிறுக்கம்' என மொழிபெயர்த்தோர் அப்பழியைப் பிள்ளையின் மதிமேல் ஏற்றிவிட்டனரோ என எமக்கு ஓர் ஐயம்.)

இது செல்வ நாடுகளின் பிரச்சினை மாத்திரமன்று. இலங்கையின் அரைநகர்ப்புறச் சமுதாயமொன்றில் 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளுள் 93 பேருக்கு ஒருவர் என 2009இல் வெளியான ஆய்வு கண்டது. கோவலன் கூத்தாடும் முள்ளியவளையில் மத்தளத்திற்கும் சலங்கைக்கும் பஞ்சமில்லை. ஒரு பிள்ளையோடு வாரந்தோறும் 45 நிமிடம் தனித்திருக்கும் பயின்ற ஆளே அரிது. கூலிவேலை செய்யும் தாய்க்கு, பிள்ளையைத் தூர நகருக்குக் கூட்டிச்செல்லும் நாள் கூலியற்ற நாள். மொன்றியலில் இசை பயின்ற பிள்ளையும் பயிலாத பிள்ளையும் ஒருங்கே பெற்றது அந்த 45 நிமிடமே. அதற்குப் படக்கருவி வேண்டியதில்லை. சுகாதாரத் திணைக்களத்திடமும் கல்வித் திணைக்களத்திடமும் பெற்றோரும் ஆசிரியரும் கூடிக் கேட்க வேண்டியது, பிரதேச வைத்தியசாலைதோறும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரையும் அவருக்கான நிரந்தர நியமனத்தையுமே.